காயங்களோடு எழுந்தவர்



சுரங்கத்தில் இறங்கி மேலே வராதவர்களின் நினைவாக இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார், தங்கள் பெயர் அழைப்பிதழில்கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேச வேண்டிய தலைப்பை மட்டும் அவர்களே கொடுத்தார்கள்: உயிர்த்தெழுதலின் நம்பிக்கை.

இந்தத் தலைப்பை வேறு ஊரில் பேசுவது சுலபம். கோலார் தங்கவயல் வட்டாரத்தில் நம்பிக்கை என்று யாராவது ஆரம்பித்தாலே கேட்கிறவர்கள் உஷாராகிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்று முதல் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் சுரங்கத்தைத் திறப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். 2006-ல் மத்திய அமைச்சரவை உலக அளவில் டெண்டர் விட முடிவு செய்தது. வழக்கு நடந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் டெண்டருக்கு வழி விட்டது. இதோ வந்துவிட்டது என்றார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது எதற்கென்றால், 13 மண்மேடுகளைத் தோண்டி மறுபடி தங்கம் எடுக்க. ஆயிரம் ஏக்கருக்கு மேல் கிடக்கும் சயனைட் மேடுகள் அவை. நம் தாத்தாக்கள் மேலே அனுப்பிய பாறையை அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் கொட்டிய மேடுகள். சுரங்கம் திறக்கவில்லை. சக்கைக்குத்தான் விலை வந்திருக்கிறது.

இந்த நிலையில், விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் வண்டி பிடித்துப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற பையனிடம் உயிர்த்தெழுதலைப் பற்றி என்ன சொல்வது? அவனுக்குத் தூக்கம் வருகிறது. சுருக்கமாகச் சொல்லுங்கள் என்பான். நான் சுருக்கமாகச் சொல்லப் போவதில்லை; மன்னியுங்கள்.

வரலாற்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. மைசூர் கமிஷனராக இருந்த பவுரிங் துரையின் பெயரைச் சுமந்து பவுரிங்பேட்டையாக இருந்த இந்தப் பங்காருபேட்டையிலிருந்து தங்கவயலுக்கு 1894-ல் ரயில் ஓடியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். பண்ணையாரின் அடியைவிடப் பாறையின் இருட்டு மேல் என்று வந்தவர்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அது சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும் வந்த மின்சாரம். தட்டி வீடுகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

நிதானமாகப் பேச வேண்டியது உடம்பைப் பற்றி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பினால்தான் மனிதன் நின்று வேலை செய்ய முடியும். கூண்டில் இறங்கும்போது காது அடைக்கும். மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று சிதறும். அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பெயர். அது நடக்கும்போது மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். அடுப்படியில் இருக்கிற பெண்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் சோதனை. தங்கம் ஒளித்திருக்கிறானா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். போதாததற்குக் கைரேகை வாங்கவும் கம்பெனி நினைத்தது. 1930-ல் அதை எதிர்த்துத்தான் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்கப்புறம் எக்ஸ்ரே. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிகோசிஸ் இருப்பதாகக் கண்டார்கள். பாறைத்தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்து, நுரையீரலைத் தழும்பாக்கி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும் நோய். பல பேருக்கு வேலையை விட்ட பிறகுதான் தெரியவரும். காசநோய் என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆக, தடவப்பட்ட உடம்பு, ரேகை கேட்கப்பட்ட உடம்பு, படம் பிடிக்கப்பட்ட உடம்பு. கம்பெனிக்கு நம்மிடம் தேவைப்பட்டது அது ஒன்றுதான். நம் ஆத்துமாவைப் பற்றி அது கவலைப்படவில்லை. அதை நமக்கே விட்டுவைத்தது.

வேதத்தில் சுரங்கத் தொழிலாளி வருகிற இடம் ஒன்று உண்டு. யோபு 28-ம் அதிகாரத்தைத் தங்கவயல்காரர் யாராவது எழுதினார்களோ என்று நினைக்கத் தோன்றும். ஊரைவிட்டுத் தூரத்தில் குழி வெட்டுகிறார்கள், மனிதர் கால் படாத இடத்தில் தொங்கி ஆடுகிறார்கள், இருட்டுக்கு ஒரு முடிவு கட்டுகிறார்கள், கல்லில் பொன்தூள் இருக்கிறது என்று போகிறது அந்த வர்ணனை. இவ்வளவும் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதனுக்கு ஞானம் எங்கே கிடைக்கும் என்பது அந்த அதிகாரத்தின் கேள்வி. யோபுவைச் சுற்றி மூன்று நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்றார்கள். சுரங்கம் மூடிய பிறகு நம் மைதானங்களில் நடந்த எழுப்புதல் கூட்டங்களில் இதே வசனத்தை வேறு ராகத்தில் கேட்டிருக்கிறேன்: விசுவாசம் குறைவு, குடி அதிகம், அதனால்தான் ஊர் இப்படி ஆயிற்று. டன்னுக்கு 45 கிராமுக்கு மேல் தங்கம் கொடுத்த பாறை கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கிப்போனதற்கு நம் குடியா காரணம்? யோபு புத்தகத்தின் கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது யோபுவை அல்ல, அந்த நண்பர்களை. பிரசங்க மேடை ஏறுகிறவர்கள் அந்தப் பகுதியை அடிக்கடி படிப்பது நல்லது. என்னையும் சேர்த்துத்தான்.

யோவான் சுவிசேஷத்தில் இரண்டு கல்லறைகள் திறக்கின்றன. முதலாவது லாசருவின் கல்லறை. நாலு நாள் ஆகிவிட்டது, நாறும் என்று மார்த்தாள் தடுக்கிறாள். லாசரு வெளியே வருகிறான், பிரேதத் துணியோடு, கை கால் கட்டப்பட்டபடியே. பக்கத்தில் இருப்பவர்கள்தான் அவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. பழைய வீட்டுக்கே, பழைய வாழ்க்கைக்கே திரும்புகிறான். அவனையும் கொன்றுவிட வேண்டும் என்று பிரதான ஆசாரியர்கள் ஆலோசனை பண்ணினார்கள் என்று அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. பிறகு எப்படியும் ஒரு நாள் அவன் மறுபடி செத்திருக்க வேண்டும். இரண்டாவது இயேசுவின் கல்லறை. துணிகள் அங்கேயே கிடக்கின்றன. அவர் பழைய தச்சுப் பட்டறைக்குத் திரும்பவில்லை.

தங்கவயலில் இருபது வருஷத்துக்கு மேல் நாம் வளர்த்தது லாசரு நம்பிக்கை. சங்கு மறுபடி ஊதும், கூண்டு மறுபடி இறங்கும், சம்பளம் மறுபடி வரும். அந்த ஆசை தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வயிறு இருக்கிறவனுக்கு அந்த ஆசை வரும். ஆனால் அதற்குக் கிறிஸ்தவ நம்பிக்கை என்று பெயர் வைக்காதீர்கள். சுரங்கம் திறந்தால் அதே ஆழம், அதே தூசி. கட்டவிழ்க்காத துணியோடு எழுந்து வருவதற்கு இவ்வளவு காத்திருக்க வேண்டுமா?

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. உடம்பு போனால் போகட்டும், ஆத்துமா பரலோகம் போய்விடும் என்று தேற்றுவது. மாரிக்குப்பத்தில் நம் அண்டை வீட்டாரான பௌத்தர்கள் இதைத்தான் கேள்வி கேட்டார்கள். அயோத்திதாச பண்டிதர் 1898-ல் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயல் பெரிய கோட்டையாக இருந்தது. 1914-ல் அவர் மறைந்த பிறகு, அவருடைய 'தமிழன்' இதழ் 1920-களில் அப்பாதுரையார் முயற்சியால் சாம்பியன் ரீஃபிலிருந்து மறுபடி வெளிவந்தது. ஆகாயத்தைக் காட்டி ஏழையின் வாயை அடைக்கிறீர்களே என்பது அவர்கள் வழியில் வந்தவர்கள் நம்மிடம் எழுப்பிய கேள்வி. நம் சபைகள் அதற்குப் பதில் சொன்னதைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். எனக்கு அந்தக் கேள்வியின் மேல் மரியாதை உண்டு. ஆத்துமா மட்டும் தப்பித்துப் போகும் என்பதுதான் நம் போதனை என்றால் அவர்கள் சொல்வது சரி.

ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் நாம் வாரந்தோறும் அறிக்கையிடுவது சரீரம் உயிர்த்தெழுதலை. ஏதென்ஸ் நகரத்துப் படித்தவர்கள் பவுல் பேசியதைக் கேட்டுக்கொண்டே வந்து, மரித்தவர் எழுவார் என்ற இடத்தில்தான் கேலி செய்தார்கள். ஆத்துமா அழியாது என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். உடம்பு அவர்களுக்கு அற்பம். அடிமைகள் சுமக்கிற சமாச்சாரம். உடம்பை வைத்தே பிழைத்த ஜனங்களுக்கு, அந்த உடம்பு கடவுளுக்கு வேண்டும் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

எழுந்த அந்த உடம்பு எப்படி இருந்தது? தோமா கேட்டது அதைத்தான். நம் சென்னையில் பரங்கிமலையிலும் மயிலாப்பூரிலும் யாருடைய நினைவைக் கொண்டாடுகிறோமோ, அதே தோமா. அவரைச் சந்தேகக்காரர் என்று ஏசுவது வழக்கமாகிவிட்டது. அவர் அற்புதம் கேட்கவில்லை, காயத்தைக் காட்டச் சொன்னார். ஆணித் தழும்பு இல்லாமல் பளபளவென்று ஒருவர் வந்து நின்றால் அது நாம் இழந்தவர் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இயேசுவும் கோபிக்காமல் கையை நீட்டுகிறார், விலாவைக் காட்டுகிறார். மரணத்தை ஜெயித்த உடம்பில் ஈட்டி பாய்ந்த இடம் மூடாமல் இருக்கிறது.

இதை நான் சாதாரண அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இயேசு நோயில் இறந்தவர் அல்ல. அரசாங்கம் தீர்ப்பு எழுதிக் கொன்றது. அவர் எழுந்தார் என்றால் அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் தள்ளுபடி ஆகிவிட்டது என்று பொருள். காயங்கள் அந்த வழக்கின் சாட்சிப் பொருள்கள். அழித்துவிட்டால் வழக்கே இல்லை. 1946 நவம்பர் 4 அன்று இதே தங்கவயலில் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் விழுந்தார்கள். கடவுள் அவர்களை எழுப்பும்போது குண்டு பாய்ந்த இடம் தெரியாதபடி எழுப்புவாரா? தெரியும்படிதான் எழுப்புவார் என்று நம்புகிறேன். தூள் படிந்த நுரையீரலையும் அப்படித்தான். மூச்சுத் திணறல் இருக்காது. எதனால் திணறினான் என்ற கணக்கு இருக்கும்.

ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 2024 ஜூனில் காலமானார். 1943-ல் ஹாம்பர்க் நகரத்தின் மேல் குண்டு மழை பெய்தபோது பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனதைப் பார்த்தவர். போர்க்கைதியாக முகாமில் கிடந்தபோதுதான் வேதத்தைக் கையில் எடுத்தார். சிலுவையில் கைவிடப்பட்டேன் என்று அலறிய இயேசுவிடம்தான் அவர் முதலில் போய்ச் சேர்ந்தார், வெற்றிப்பாட்டிடம் அல்ல. 1964-ல் அவர் எழுதிய 'நம்பிக்கையின் இறையியல்' உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம்பிக்கை உள்ளவன் இருக்கிற நிலைமையோடு சமாதானமாகப் போக மாட்டான், அது அவனைக் குத்திக்கொண்டே இருக்கும் என்பது அவர் வாதம். நம் ஊர் அனுபவத்துக்கு இது ஒத்துவருகிறது. விரக்தி அடைந்தவன் அமைதியாக இருப்பான். நம்பிக்கை இருக்கிறவன்தான் மனு எழுதுவான்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ம் அதிகாரம் உயிர்த்தெழுதலைப் பற்றிய பெரிய அதிகாரம். ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் வாசிக்கிறோம். எக்காளம், அழியாமை, மரணத்தின் கூர் ஒடிதல் என்று உச்சிக்குப் போய், கடைசியில் உங்கள் உழைப்பு வீண் போகாது என்று முடிக்கிறார் பவுல். அடுத்த வரி 16-ம் அதிகாரத்தின் முதல் வரி. அது எதைப் பற்றி? எருசலேமில் கஷ்டப்படும் விசுவாசிகளுக்கு வாரத்தின் முதல் நாளில் அவரவர் பணம் எடுத்து வையுங்கள் என்கிற காணிக்கை அறிவிப்பு. அதிகார எண் போட்டவர்கள் நடுவில் கோடு கிழித்துவிட்டார்கள். பவுல் மூச்சு விடாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறார்.

ஆகவே நானும் காணிக்கைக்கு வருகிறேன். நம் பழைய சபைகளின் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தொழில் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மரணத்தின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் காசம், இருமல், நெஞ்சு நோய் என்று எழுதியிருக்கும் சுரங்கத் தொழிலாளர்களில் எத்தனை பேரைப் பாறைத்தூள் கொன்றது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மண்மேடுகளைத் தோண்டப் போகிறார்கள் என்றால் அந்தத் தூசி மறுபடி காற்றில் ஏறும். அதைச் சுவாசிக்கப் போகிற ஜனங்களுக்காக வாதாட நம்மிடம் பழைய கணக்கு இருக்க வேண்டும். பதிவேடுகளைக் கரையான் தின்பதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க வேண்டும். குடும்பங்கள் பெட்டியில் வைத்திருக்கும் எக்ஸ்ரே படங்களையும் மருத்துவச் சீட்டுகளையும் சேர்க்க வேண்டும். விதவைத் தாய்மார் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லூத்தரன், சி.எஸ்.ஐ. என்று பாராமல் எல்லாச் சபைகளும் பதிவேட்டைத் திறந்து காட்ட வேண்டும். மாரிக்குப்பத்துப் பௌத்த நண்பர்களையும் கூப்பிட வேண்டும். அவர்கள் தாத்தாக்களும் அதே கூண்டில்தான் இறங்கினார்கள்.

இதற்கு ஒரு ஸ்கேனரும், வாரம் ஒரு மாலை உட்கார நாலு இளைஞர்களும், கொஞ்சம் பணமும் தேவை. எனக்கு இன்று கொடுக்கும் சன்மானத்தை முதல் காணிக்கையாக வைக்கிறேன். மீதியை வாசலில் தட்டு வைத்துச் சேர்க்கலாமா என்று ஆயரிடம் கேட்டேன். அவர் சரி என்றிருக்கிறார்.