சாத்திய கதவு



சென்னையில் 1906-இல் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர் ஆர்.கே. நாராயண். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அவர் ஒருவகையில் உறவினர். 1945-இல் வெளிவந்த அவருடைய 'தி இங்கிலீஷ் டீச்சர்' என்னும் ஆங்கில நாவலைக் கல்லூரியில் படித்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். நாற்பதைக் கடந்தபின் மீண்டும் படித்தபோது, ஓரிடத்தைத் தாண்ட இயலவில்லை.

ஆசிரியன் கிருஷ்ணனின் மனைவி சுசீலா டைபாய்டு ஜுரத்தால் மறைகிறாள். அவள் இருந்த அறையின் கதவு சாத்தியிருப்பது ஏனென்று குழந்தை லீலா கேட்கிறாள். அம்மாவைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று பெரியவர்கள் விடை கூறுகிறார்கள். குழந்தையும் அதை நம்புகிறாள்.

நம் வாழ்விலும் அப்படியொரு கதவு உண்டு. தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் நம் அன்னையார் நோயுற்றபோது நமக்கு வயது எட்டு. ஒரு காலையில் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் நம்மை அழைத்துச் சென்று பராட்டா ஊட்டினார். மாலையில் வீடு திரும்பியதும், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார் தந்தையார். கோடை விடுமுறையில், அம்மாவைக் காணப் போகிறோமென்று புதுச் சட்டை அணிந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினோம். பாட்டி வீட்டுக் கூடத்தில் மாலையிட்ட படத்தைக் கண்டோம். அதுபற்றித் தந்தையாரிடம் ஒருநாளும் பேசியதில்லை. மனத்தாங்கல் மட்டும் நெடுநாள் இருந்தது.

நாராயணின் மனைவி ராஜம் 1939-இல் டைபாய்டினால் மறைந்தார். அந்நோயை வென்ற குளோரம்பெனிகால் மருந்து 1948-இல்தான் கைக்கு வந்தது. சின்னஞ்சிறு மகளை வளர்த்துக்கொண்டே அவர் இந்நாவலை எழுதி, ராஜத்திற்கே காணிக்கையாக்கினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. பின்னாளில் மாநிலங்களவையில், 1989-இல் அவர் ஆற்றிய கன்னிப் பேச்சும் பள்ளிக் குழந்தைகளின் சுமையைப் பற்றியதே.

நாம் மொழிபெயர்ப்பாளர், 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதக் கை பழகிவிட்டது. அன்று நம் தந்தையாருக்கு ஒரு சொல்லும் கிட்டவில்லை. 'இறந்துவிட்டாள்' என்று வாய்திறந்தால் தாமே உடைந்துபோவோமென அஞ்சியிருக்கிறார். கிருஷ்ணனைப் படித்த பின்னரே இது நமக்கு விளங்கிற்று.

சென்ற ஆண்டு ஊரில் தந்தையார் காலமானார். ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தால் குழந்தைகளிடம் மறைப்பது நம்மவர் வழக்கம். நாம் நம் மகனை அருகில் இருத்தி, தாத்தா இறந்துவிட்டார் என்று அப்பொழுதே சொன்னோம். அவன் அழுதான், நாமும் அழுதோம். பிறகு, தாத்தாவின் அம்மா யார், நம் அம்மா யார் என்று அவன் கேட்கத் தொடங்கினான். அன்னையாரைப் பற்றி வாய்விட்டுப் பேசியது அன்றுதான் முதன்முறை.