இளைய தலைமுறைக்கு அறிவு குறைந்துவிட்டதா?

இன்றைய பிள்ளைகளுக்கு அறிவு குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் காட்டும் சான்று மூன்று. மனக்கணக்கு போய்விட்டது. மனப்பாடம் போய்விட்டது. வாசிப்பு போய்விட்டது. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தால்தான் வழக்கு தீரும்.

முதலில் மனக்கணக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் விரல் தேய எழுதி எண்சுவடி படித்தான். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16இல் ஒரு பங்கு. அவன் வளர்ந்து சந்தைக்குப் போனபோது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, மரக்காலுக்கு 8 படி, கலத்துக்கு 12 மரக்கால். படி அரிசி ஆறே முக்கால் அணா என்றால் மூன்று மரக்கால் என்ன விலை? பத்து ரூபாய் இரண்டு அணா என்று கண் இமைக்கும் முன் சொன்னார்கள் அந்தத் தலைமுறையினர். அது பெரிய திறமை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ரூபாய்க்கு நூறு பைசா என்றானது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. வீசையும் பலமும் மரக்காலும் கடையை விட்டுப் போயின. ஆறே முக்காலை இருபத்து நான்கால் பெருக்கிப் பதினாறால் வகுக்கும் வேலையே சந்தையில் இல்லாமல் போயிற்று. கணக்கு முறை மாறினால் அதற்கான பயிற்சியும் மாறும். பேரனுக்கு மாகாணி வாய்ப்பாடு தெரியவில்லை என்பதை மூளைக் குறைவு என்று எழுதிவைப்பது நியாயமான தீர்ப்பு ஆகாது.

இரண்டாவது மனப்பாடம். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அவையில் நூறு பேர் நூறு விதமாகக் கேட்க, ஒன்றையும் விடாமல் நினைவில் நிறுத்தி விடை சொல்லும் கலை அது. ஏடுகள் அரிதாக இருந்த நாட்டில் மனிதரின் நெஞ்சுதான் நூலகம். ஒரு சுவடி தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த காலம் அது. இன்று புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கைப்பேசி சட்டைப் பையிலேயே இருக்கிறது. பின்னால் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால், மனித மனம் செய்தியைவிட அது கிடைக்கும் இடத்தையே நன்றாக நினைவில் வைக்கிறது என்று 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். இந்த வழக்கம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. கைப்பேசி வைத்திருக்கும் தாத்தாவுக்கும் இன்று பத்து எண்கள் மனப்பாடமாக இருக்காது.

நினைவாற்றல் அழிந்துவிட்டது என்று சொல்பவர்கள் சதுரங்கப் பலகையைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் வந்தார். இன்று அந்தப் பட்டம் பெற்ற இந்தியர்கள் எண்பதுக்கும் மேல்; அதில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது வயது 18. ஆயிரக்கணக்கான தொடக்க நகர்வு வரிசைகளை நெஞ்சில் வைத்திருக்கும் பிள்ளைகளின் மண் இது.

பிள்ளையின் அறிவை அளக்கப் பெரியவர்கள் எடுக்கும் கோல் எவ்வளவு தவறலாம் என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. இந்தத் திருவண்ணாமலை ரமணாசிரமமே சான்று. 1896இல் மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்த, பின்னாளில் ரமண மகரிஷி ஆன வேங்கடராமன் என்ற பதினாறு வயது மாணவன், பாடத்தை ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்லக்கூடியவன். ஆனால் அந்த ஆண்டு அவன் மனம் படிப்பில் இல்லை. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொல்லித் தண்டனை கிடைத்தது. இரண்டு முறை எழுதியவன் மூன்றாவதை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். இப்படி இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, ஆகஸ்ட் 29 அன்று அவன் ரயிலேறினான்.

அந்தப் பயணத்தில் ஒரு செய்தி உண்டு. வழி பார்க்க அவன் புரட்டியது பழைய அட்லஸ். அதில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதையே இல்லை. அதை நம்பித் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான். பெட்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான், விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்று சொன்னார். பாதை போடப்பட்டுவிட்டது; படத்தில்தான் வரவில்லை. இன்றைய பிள்ளைகளை அளப்பவர்கள் பலரின் கையிலும் அந்தப் பழைய அட்லஸ்தான் இருக்கிறது. செப்டம்பர் 1 அன்று அந்த மாணவன் இந்த ஊரை அடைந்தான். வீட்டுப்பாடம் முடிக்காத பையனிடம் பின்னாளில் உலகமே பாடம் கேட்க வந்தது.

இனி அறிவைப் பொதுவாக அளந்தவர்கள் கண்டது. நியூசிலாந்து பேராசிரியர் ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் அமெரிக்காவின் ஐ.க்யூ. தேர்வுகளை ஒப்பிட்டார். 1932க்கும் 1978க்கும் இடையே சராசரி ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்திருந்தது. 1987இல் 14 நாடுகளின் கணக்கைத் திரட்டினார். அங்கெல்லாம் ஏற்றம்தான். அரை நூற்றாண்டில் மனித மூளையின் அமைப்பு மாறிவிடாது. மாறியது சூழல். வயிறு நிறைந்தது, நோய் குறைந்தது, பள்ளியில் இருக்கும் ஆண்டுகள் கூடின. கடுமையான அயோடின் பற்றாக்குறை மட்டுமே குழந்தைகளின் ஐ.க்யூ.வைப் பத்துப் புள்ளிக்கு மேல் குறைக்கக்கூடும். அதைத் தடுக்க அயோடின் சேர்த்த உப்பு போதும். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல் நிறுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தச் சூழலை மாற்றியவர் யார்? 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. தலைவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் புகையில் கண் எரிய உலை வைத்து, எண்ணிக்கை தவறாமல் முட்டை உரித்து, கடைசிப் பிள்ளை தட்டோடு வரும்வரை கரண்டியைக் கீழே வைக்காத அம்மாவின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்த மாநிலத்தின் அறிவுக் கணக்கை எழுதும் யாரும் அந்தச் சத்துணவு அம்மாவைத் தாண்டிப் போக முடியாது.

தலைமுறைகளை ஒப்பிடுபவர்கள் மறக்கும் இன்னொன்று தலைக்கணக்கு. 1951இல் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் 9 பேர்கூட இல்லை. அன்று பள்ளி இறுதி வரை வந்தவர்கள் சலித்து எடுக்கப்பட்ட சிலர். அந்தச் சிலரை இன்றைய எல்லோரோடும் நிறுத்தி ஒப்பிடுவது அளவையே அல்ல. 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம். நாட்டின் சராசரி 28. இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இ-சேவை மையத்தில் நின்று முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பெண்ணைப் பார்க்க வேண்டும். வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெறவில்லை என்று அந்தத் தாள் உறுதி சொல்கிறது. ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து இறங்கிவந்து அந்தச் சான்றிதழ் வாங்கும் பிள்ளையை அவள் பாட்டியோடு ஒப்பிட்டால்தான் அது தலைமுறை ஒப்பீடு. அந்தப் பிள்ளைக்கும் ஒரு காலத்தில் தட்டில் சோறு வைத்தது அதே சத்துணவு அம்மாதான்.

இளைஞரை ஏசிக் கைத்தட்டல் வாங்கும் மேடைகள் இந்த நாட்டில் உண்டு. அந்த மேடைகளில் முழங்குபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாசிப்பு குறைந்தபோது நூலகத்துக்கு என்ன செய்யப்பட்டது? விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். சொத்து வரியோடு நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். பள்ளி விட்ட பின் சிறுவன் தேடிவரும் மாலை நேரத்தில் ஊர் நூலகத்தின் கதவு திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் உள்ளே புதுப் புத்தகம் இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லாமல் பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்குவதில் பயன் இல்லை.

மூன்றாவது சான்றான வாசிப்புக் குறைவில் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது பிள்ளைகளுக்குத் துரோகம். ஊரகப் பிள்ளைகளின் கற்றலை ஆராயும் அசர் அறிக்கையின்படி, இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 2018இல் 50.5 சதவீதம், 2022இல் 42.8, 2024இல் 48.8. இடையில் நடந்தது கொரோனா. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கதவு மூடியபோது வாசிப்பு இறங்கியது, திறந்ததும் ஏறுகிறது. நார்வேயிலும் இதே பாடம். 1970களின் நடுவில் பிறந்தவர்களுக்குப் பிறகு ராணுவத் தேர்வு மதிப்பெண் சரிந்தது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு இடையிலேயே அந்தச் சரிவு தெரிந்ததால், காரணம் பரம்பரை அல்ல, வளரும் சூழல் என்று 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது.

ஆகவே வழக்கின் முடிவு இது. மனக்கணக்கும் மனப்பாடமும் காலத்தின் தேவையோடு உருமாறியிருக்கின்றன. அறிவு வளரும் வாய்ப்பு சில வீடுகளிலிருந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பரவியிருக்கிறது. வாசிப்பு மட்டும் பின்தங்கியிருக்கிறது. அந்தக் குறை பிள்ளைகளின் மூளையில் இல்லை. நல்ல உணவு, மாலையில் திறந்திருக்கும் நூலகம், கேள்வி கேட்டால் கோபப்படாத ஆசிரியர், ஒவ்வொரு வகுப்பிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தர ஒரு மணி நேரம்: இவற்றைக் கொடுக்க வேண்டியது முந்தைய தலைமுறை. உணவை அந்தச் சத்துணவு அம்மா கொடுத்துவிட்டார். மற்ற மூன்றும் இன்னும் பாக்கி.