திருகோணமலை என்னும் தேக்குக் கப்பல்
(ஆண்டு விழாவில் சங்கத்தின் கைவினைக் குழு சார்பில் நிகழ்த்திய உரை)



மேடையின் ஓரத்தில் கண்ணாடிப் பேழையுள் நிற்கும் சிறு கப்பலைத் தாங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அது வெறும் காட்சிப் பொருளன்று. வானொலி அலைகளின் ஆணைக்கிணங்கி, காற்றை மட்டுமே நம்பி நீரில் ஓடுவது. அதனை நாங்கள் செய்த வரலாற்றைக் கூறுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர்.

முதலில் மூலக்கப்பலைப் பற்றிச் சில சொற்கள். 1736ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து இந்நகருக்கு வந்து கப்பல் கட்டும் தொழிலை நிலைநாட்டியவர் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்னும் பார்சிப் பெருமகனார். அவர் வழிவந்த ஜாம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா, பிரித்தானியக் கடற்படைக்காக இங்கே ஒரு போர்க்கப்பல் கட்ட ஏற்பாடாயிற்று. அதன் வரைபடங்களை ஏற்றி வந்த ஜாவா என்னும் கப்பல் 1812இல் பிரேசில் கடலருகே அமெரிக்கருடன் பொருது தோற்றது. வரைபடங்களும் அத்துடன் போயின. மீண்டும் படங்கள் வந்து சேர்ந்தபின், 1816இல் பார்சி மரபுப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து வேலை தொடங்கினர். மலையாளக் கரையின் தேக்கால் ஆன அக்கப்பல் 1817 அக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறங்கிற்று.

அதற்கு இட்ட பெயர் யாது? திருகோணமலை! 1782இல் அத்துறைமுகத்தின் அருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய கடற்போரின் நினைவாக வைத்த பெயர் அது. தமிழ் ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கி, பார்சிகள் கையால், மும்பையில் பிறந்த கப்பல் என்று அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட உவகையைச் சொல்லவும் வேண்டுமோ? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது வேற்றுப் பெயரோடு பயிற்சிக் கப்பலாய் இருந்தது. 1987இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுவரப்பெற்று, 1992இல் பழம்பெயரை மீண்டும் பெற்று, 2001இல் முழுமையாகச் செப்பனிடப்பட்டு, இன்றும் அங்கே மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறாண்டு கடந்தும் அதன் உடலின் பெரும்பகுதி பழைய தேக்கே.

இதனை 48இல் ஒரு பங்காகச் செய்வதென்று முடிவு செய்தோம். ஏறத்தாழ 180 அடி நீளமுள்ள உடல் மூன்றே முக்கால் அடியாகும். 40 அடி அகலம் பத்து அங்குலமாகும். சங்கத்தில் எதிர்ப்பும் இல்லாமலில்லை. ‘தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஐவர், இந்நிலையில் பொம்மைக் கப்பல் ஒரு கேடா?’ என்று பெரியவர் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அதற்கு அன்று எங்களிடம் விடை இல்லை.

இடிக்கப்பட்ட பழைய குடியிருப்பு ஒன்றின் கதவு நிலைகள் விலைக்கு வந்தன. அவற்றை அறுத்து இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குப் பட்டைகளாக்கினோம். ஒட்டுப்பலகையில் விலாச்சட்டங்களை அறுத்து நிறுத்தி, பட்டைகளை நீராவியில் வளைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். வாடியாக்களை நினைந்து, அடிமரத்தில் நாங்களும் ஒரு சிறு வெள்ளி ஆணி அறைந்தோம்.

உள்ளே மூன்று சிறு மின்பொறிகள். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றொன்று முன்பாய்மரத்துப் பாய்களையும், மூன்றாவது நடுமரம், பின்மரம் ஆகியவற்றின் பாய்களையும் கயிறு கொண்டு இழுத்துத் திருப்பும். இவ்வாறு பிரித்தமைக்குக் காரணம் உண்டு. கப்பலின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பும் வேளையில், முன்பாய்கள் முன்னிருந்தபடியே நின்று காற்றை எதிர்ப்புறம் வாங்கி முகத்தைத் தள்ள வேண்டும். பின்னுள்ள பாய்கள் அதற்குள் மறுபக்கம் திரும்பிவிட வேண்டும். எல்லாம் ஒருசேரத் திரும்பினால் கப்பல் நடுவழியில் நின்றுவிடும்.

எல்லாம் முடித்து, நகர்ப்புறத்து ஏரியொன்றில் ஒரு ஞாயிறு காலை வெள்ளோட்டம் விட்டோம். கரையில் ஐம்பது பேர் திரண்டிருந்தனர். இருபது கஜம் அழகாகச் சென்றது. பின் ஒரு காற்று வீசிற்று. கப்பல் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. சிறுவன் ஒருவன் அழுதேவிட்டான். மேற்படி பெரியவரும் கரையில் நின்றிருந்தார். ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிழை எங்கே? கணக்கில்தான். நீளம் 48இல் ஒன்றானால் பாயின் பரப்பு 2,304இல் ஒன்றாகிறது. எடையோ 1,10,592இல் ஒன்றாகிறது; அதாவது பெருங்கப்பலின் ஒரு டன் இங்கே ஒன்பது கிராம். கப்பலைச் சிறிதாக்கினோம், காற்றைச் சிறிதாக்க எவரால் இயலும்? அதே காற்றில், சாய்க்கும் ஆற்றலை நோக்க, நிமிர்ந்து நிற்கும் ஆற்றல் 48 மடங்கு குன்றிப்போகிறது. பார்வைக்குச் சற்றும் பிழையில்லாத வடிவமே அதனைக் கவிழ்த்தது.

அடுத்த வாரம் அப்பெரியவரே எங்கள் பட்டறைக்கு வந்தார். இளமையில் அவர் தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் பாய் விரித்துச் சென்றவர் என்பதை அன்றுதான் அறிந்தோம். கப்பலைத் தடவிப் பார்த்து, ‘தம்பிகளா, அடிபாரம் இல்லாத தோணிக்குப் பாய் எதற்கு?’ என்றார். அவர் சொற்படி, நீருக்கடியில் மறைந்திருக்குமாறு ஒரு தகடும் அதன் நுனியில் நான்கு கிலோ ஈயமும் பொருத்தினோம். உள்ளே வைத்திருந்த பாரத்தில் அவ்வளவைக் குறைத்தமையால், மொத்த எடை மாறவில்லை. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் அத்தகடு தனியே வந்துவிடும்; பேழையில் நிற்கும்போது அது இராது.

அவர் தந்தது ஈயம் மட்டுமன்று. முகப்பை அணியம் என்றும், பின்புறத்தை அமரம் என்றும், அடிமரத்தை ஏரா என்றும், பாய் தாங்கும் குறுக்குக்கழியைப் பருமல் என்றும் அவர் வழங்கிய சொற்களைப் பிள்ளைகள் வாயாரக் கற்றுக்கொண்டனர். ‘பருமலைத் திருப்பு! சுக்கானைப் பிடி!’ என்று இந்தியும் மராத்தியும் பேசி வளர்ந்த சிறுவர்கள் ஏரிக்கரையில் கூவியதை நாங்கள் காதாரக் கேட்டோம். அச்சொற்களை எழுதிக்கொள்ள வேண்டுமென்று அவர்களே எழுத்துக் கற்க வந்தனர். இப்பொழுது வகுப்பில் பதினோருவர் உள்ளனர். பெருந்தொகை அன்று, எனினும் ஐந்தினும் மிகுதி.

இரண்டாம் வெள்ளோட்டத்தில் அதே போன்ற காற்று வந்தது. கப்பல் சாய்ந்தது, பின் மெல்ல நிமிர்ந்தது. காற்றுக்கு எதிராகத் திரும்புவதில் மூன்றுக்கு ஒருமுறை இன்றும் தவறுகிறது. அப்பொழுது காற்றுக்கு முதுகு காட்டிச் சுற்றி வருகிறோம். அதிலும் இழுக்கில்லை, பெருங்கப்பல்களும் அவ்வாறு செய்தவையே.

அன்பர்களே! பிற ஊரில் வாழும் நாம் அவ்வூரார்க்கு ஒப்ப உடுத்தும் உண்டும் பேசியும் ஒழுகுகிறோம், அது முறையே. ஆயினும், காற்று வீசும் நாளில் நம்மை நிமிர்த்துவது, மேலே காணப்படாத அடிபாரமே. அதனை எங்களுக்கு உணர்த்திய பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ‘பொம்மைக் கப்பல் ஒரு கேடா?’ என்று அன்று அவர் கேட்ட கேள்விக்கு, அவரே விடையாக வந்தார். அவருக்கு எங்கள் வணக்கம்.

மழைக்காலம் கழிந்த முதல் ஞாயிறன்று ஏரிக்கரைக்கு அனைவரும் குடும்பத்தோடு வருக. சுக்கான் பிடிக்கும் பொறியைத் தங்கள் பிள்ளைகளின் கையிலேயே தருவோம்.