மூதாதையர் மனைகளும் நம் கடமையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகரத்தார் என்ற அளவிலே உலகோர் நினைவிற்கு வருவன இரண்டு. ஒன்று திருப்பணி, மற்றொன்று வீடு. முன்னதைப் பற்றிப் பலரும் பலகாற் பேசியுள்ளனர். பின்னதைப் பற்றி இன்று சிறிது பேசக் கருதுகின்றோம். கோயிலுக்குச் செய்யும் முறையை வீட்டிற்கும் செய்தாலன்றி நம் வீடுகள் நில்லா என்பதே எமது கருத்து.

வடமொழியாளர் திருப்பணியைச் சீரணோத்தாரணம் என்பர். சீரணமாவது சிதைந்தது, உத்தாரணமாவது எடுத்து நிறுத்துதல். இடித்தெறிந்து வேறு கட்டுதல் என்பது அச்சொல்லின் பொருளன்று. நம் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சோழநாட்டுக் கோயில்களையும் பாண்டிநாட்டுக் கோயில்களையும் பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்தனர். அவர்தம் அன்பினை மறுப்பார் யாருமிலர். ஆயினும், பழங்கல்லைப் பெயர்த்துப் புதுக்கல் வைத்த இடங்களிற் கல்வெட்டுகள் மறைந்தன என்று ஆராய்ச்சியாளர் வருந்தியதும் உண்டு. பழமையைக் காக்கப் புகுவோர் முதலில் அதனை அறிதல் வேண்டும் என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

ஆதலின் நம் வீட்டினை முதலில் அறிவோம். ஒரு தெருவில் முகப்புத் தொடங்கி மறு தெருவிற் பின்வாசல் முடிவது நம் பெரிய வீடுகளின் அமைப்பு. முகப்பும் திண்ணையும் விருந்தினர்க்கும் வாணிகத்திற்கும் உரியன. அடுத்தது வளவு. நடுவே வானம் நோக்கிய முற்றம், சுற்றிலும் பத்திகள், பத்திகளையொட்டி மணமான ஆண்மக்கள் ஒவ்வொருவர்க்கும் ஓர் அறை. அதன் பின் இரண்டாங்கட்டும் அடுக்களையும். மணம் முடித்த மக்களை ‘வேறு வைத்து’ அடுப்பினைப் பிரித்தும், கூரையினைப் பிரியாத நம் குடும்ப முறை இவ்வமைப்பிலே கல்லும் மரமுமாய் நிற்கின்றது. பிறர் இவ்வீடுகளில் பர்மாத் தேக்கையும், இத்தாலியப் பளிங்கையும், ஆத்தங்குடிக் கற்களையும் கண்டு வியப்பர். நாம் காணவேண்டுவது இம்முறையினை.

இனி, இவை ஏன் சிதைகின்றன? வயது முதிர்ந்தமையாலன்று. ஓடு ஒன்று நழுவுகின்றது. அவ்வழியே மழைநீர் கைமரத்தில் இறங்குகின்றது. ஈரம்பட்ட மரத்திற் கறையான் ஏறுகின்றது. சுவரின் பிளவில் அரசும் ஆலும் வேர்விடுகின்றன. மழைக்கு முன் ஓடு மாற்றி, முற்றத்து நீர்த்தாரையைத் துப்புரவு செய்திருந்தால் சிறு செலவில் தீர்ந்திருக்கும் குறை, பத்தாண்டிற் கூரையையே வீழ்த்திவிடுகின்றது.

சிலர் பழுதுபார்க்க முன்வந்தும் தீங்கு செய்துவிடுகின்றனர். நம் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. சுண்ணாம்பினைப் புளிக்கவைத்து, கடுக்காய்நீரும் வெல்லமும் கூட்டிப் பலமுறை பூசி, முட்டை வெண்கரு சேர்த்து வெண்ணெய்போல் அரைத்த சாந்தினை மேற்பூச்சாக இட்டு, கல்லால் தேய்த்து மெருகேற்றினர் அக்காலக் கொத்தர். இப்பூச்சு சுவரின் ஈரத்தை வெளிவிடும். இதன்மேற் சிமெண்டு பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை உள்ளேயே அரிக்கும். சில ஆண்டுகளிற் பூச்சும் பெயரும். ஆதலின் சுண்ணாம்புச் சுவர்க்குச் சுண்ணாம்பே மருந்து. அதனை அறிந்த முதிய கொத்தரும் தச்சரும் இன்னும் நம்மூர்ப் பக்கங்களில் உளர். அவரிடம் இளைஞர் தொழில் பயிலுதற்கு வேலை கொடுத்தல் நம் கையில் உள்ளது.

நிற்க. ஓடும் சுண்ணாம்பும் எளியவை. அரியது பங்காளிகளின் ஒற்றுமை. வீடு கட்டியவர்க்கு மக்கள் நால்வர், அந்நால்வர்க்கும் மும்மூவர், அவர்க்கு இவ்விருவர் என்று கொள்வோமாயின், மூன்றாந் தலைமுறையில் உரிமையாளர் 24 பேர். பெண்மக்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்திற் சமபங்கு உண்டென 1989-இல் நம் மாநிலத்தும், 2005-இல் நாடு முழுவதும் சட்டம் வந்துள்ளமையால் இத்தொகை இன்னும் பெருகும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். பங்கு எல்லார்க்கும் உண்டு. பராமரிப்பு யார்க்கும் இல்லை. 1942-இற் பர்மாவை விட்டு வெறுங்கையராய் நடந்து வந்தோரையும் இவ்வீடுகள் தாங்கின. இன்று பொருளுள்ளோர் பலர் இருந்தும் இவற்றைத் தாங்குவார் இலர்! இறுதியில், எவரேனும் விலை பேச, தூண் ஒரு திசையும் நிலைக்கதவு ஒரு திசையுமாகப் பழம்பொருட் கடைகளை அடைகின்றன.

வேற்றாரோ இவற்றின் அருமையை உணர்ந்துள்ளனர். கோத்தமங்கலத்தில் ஒரு பழைய மாளிகையைப் பிரெஞ்சு நாட்டுக் கட்டிடக் கலைஞர் இருவர் செப்பனிட்டு, பயணிகள் தங்கும் விடுதியாக நடத்தி வந்தனர். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிற் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் இடம்பெற்றன. விடுதியாக்கிக் காத்தலும் ஒரு நெறியே. அதனை இகழ்தல் தகாது. ஆனால் எல்லா வீடும் விடுதியாகா. எஞ்சியவற்றிற்கு நாமே வழி காணல் வேண்டும்.

அவ்வழி நம் கையிலேயே உள்ளது. மணமான ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு புள்ளி என எண்ணி, புள்ளிதோறும் வரி தண்டி, ஒன்பது நகரக் கோயில்களையும் காத்துவருகின்றோம். எங்கிருப்பினும் புள்ளி வரி செலுத்தாமை நமக்கு இழுக்கு. அம்முறையையே வீட்டிற்கும் கொள்வோம். வீடுதோறும் பங்காளிகள் கூடி, பெண்வழியாரையும் சேர்த்து, புள்ளிக்கு இவ்வளவு என ஆண்டுத்தொகை வரையறுப்பாராக. இசைகுடிமானம் எழுதி மணம் முடிக்கும் நாம், வீட்டிற்கும் ஓர் இசைவுமுறி எழுதினால் என்ன? அனைவர் இசைவும் இன்றி ஒரு கதவையும் விற்பதில்லை. மழைக்கு முன் ஓடு மாற்றுவது. வேலை தொடங்குமுன் வீட்டைப் படமெடுத்து அளவெழுதி வைப்பது. ஒருவரை அமர்த்தி நாடோறும் விளக்கேற்றுவது. இந்நான்கும் அதில் இருந்தாற் போதும்.

“வாழ்வார் இல்லாத வீட்டிற்குச் செலவு ஏன்?” என்று இளைஞர் வினவலாம். நியாயமான வினாவே. படைப்பிற்கும், மணத்திற்கும், பிள்ளையார் நோன்பிற்கும் ஆண்டில் ஒருமுறையேனும் ஒன்றுகூடுவோமாயின், அது வாழ்வாரில்லா வீடாகாது. அக்கூட்டமில்லையேல் நம் பேரர் ஒருவரையொருவர் உறவென அறியமாட்டார். வளவு போனபின் பங்காளி என்ற சொல்லுக்கு வழக்கிடுவோர் என்பதன்றி வேறு பொருள் எஞ்சாது.

ஆதலின் அன்பர்களே, இவ்வாண்டு தம் ஊர் செல்வோர் ஒவ்வொருவரும் முதற்கண் கூரையை ஏறிட்டு நோக்குக. பின்னர்ப் பங்காளிகளுக்கு ஒரு கடிதம் எழுதுக. ஊருக்கொரு வீடேனும் இம்முறையில் நிலைபெறுமாயின், ஏனையோர் அதனைப் பின்பற்றுவர். கோயிலைக் காத்த கைகள் வீட்டையுங் காக்க இறைவன் திருவருள் புரிவானாக.