கியூ தோட்டத்து ஆர்க்கிட் விழாவும் நம் வளாகத்து மரங்களும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் தோட்டக் குழுவின் சார்பில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



நம் வளாகத்து மரங்களில் ஆர்க்கிட் வளர்க்கலாம் என்று தோட்டக் குழுவில் ஒரு யோசனை இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக இரண்டு விலைப்பட்டியல்கள் வந்திருக்கின்றன. ஒன்று நர்சரியிலிருந்து. இன்னொன்று, மலையில் மரத்திலிருந்து பட்டையோடு பெயர்த்து எடுத்து வந்து தருகிறேன் என்பவரிடமிருந்து. இரண்டாவது பாதி விலை. எது வேண்டும் என்று இன்று நாம் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு கால் மணி நேரம் உங்களை லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். விசா தேவையில்லை.

2024 பிப்ரவரியில் மகள் வீட்டில் இருந்தபோது கியூ தாவரவியல் தோட்டத்தின் ஆர்க்கிட் விழாவுக்குப் போனேன். கியூ நமக்கு அந்நியமான இடம் இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய மெக்ஐவர், கியூவிலிருந்து வந்தவர்தான். விழா நடப்பது இளவரசி ஆஃப் வேல்ஸ் கண்ணாடி மாளிகையில். 1987இல் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் பாலைவனம் முதல் மழைக்காடு வரை பத்து விதமான தட்பவெப்பம் வைத்திருக்கிறார்கள். வெளியே கை விறைக்கும் குளிர். உள்ளே போனதும் உங்கள் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைத்துப் போட்டுக்கொண்டால் எதிரே நம் ஐப்பசி மாதத்துப் புழுக்கமும் ஆயிரக்கணக்கான பூக்களும்.

இந்த விழாவின் தனித்தன்மை, ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டைக் கருப்பொருளாக எடுத்துக்கொள்வது. 2017இல் நம் இந்தியா. அடுத்து தாய்லாந்து, கொலம்பியா, இந்தோனேசியா. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் கோஸ்டா ரிகா, 2023இல் கேமரூன். நான் போன ஆண்டு மடகாஸ்கர்.

நாடு எதற்கு, பூவைக் காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பூவை மட்டும் காட்டினால் "அழகாக இருக்கிறது" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். நாட்டோடு சேர்த்துக் காட்டும்போது, இது எந்தக் காட்டில் இருக்கிறது, எந்தப் பூச்சி இதைத் தேடி வருகிறது, அங்குள்ள மக்களுக்கு இதனால் என்ன என்ற கேள்விகள் வருகின்றன. மடகாஸ்கர் நம் தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு பெரிய தீவு. அங்கே சுமார் ஆயிரம் வகை ஆர்க்கிட்கள் உள்ளன. பத்தில் ஒன்பது வகை உலகில் வேறெங்கும் கிடையாது. அந்தக் காடு போனால் அவையும் போய்விடும். காடோ விறகுக்கரிக்கும், எரித்துப் பயிரிடுவதற்கும் குறைந்துகொண்டே வருகிறது. மடகாஸ்கரின் தலைநகர் அண்டனனரிவோவில் கியூவுக்கு ஒரு பாதுகாப்பு மையமே இருக்கிறது. லண்டனில் ஒரு மாதம் நடக்கும் விழாவுக்குப் பின்னால் அங்கே ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை அது.

பூக்களால் செய்த லெமூர், பச்சோந்தி எல்லாம் இருந்தன. ஊட்டி மலர்க் கண்காட்சி பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கூட்டம் அவற்றின் முன்னால்தான் நின்றது. குழந்தைகள் துள்ளினார்கள், பெரியவர்கள் செல்பி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கதை, வண்ணம் எதுவும் இல்லாத ஒரு வெள்ளைப் பூவினுடையது.

அதன் பெயர் ஆங்கிரேகம் செஸ்குபெடேல். நட்சத்திரம் போல ஆறு இதழ்கள். பின்புறம் வால் போல ஒரு குழல் தொங்குகிறது. ஏறக்குறைய 30 செ.மீ., அதாவது பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் நீளம். தேன் அந்தக் குழலின் அடியில் மட்டும்தான் இருக்கும். 1862இல் இந்தப் பூ சார்லஸ் டார்வினுக்கு அனுப்பி வைக்கப்பட்டது. குழலைப் பார்த்ததும் அவருக்கு வியப்பு. பூ இப்படி இருக்கிறது என்றால், இதன் அடிவரை எட்டும் நாக்குடைய ஓர் அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே ஆக வேண்டும் என்று அதே ஆண்டு வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். அப்படி ஒரு பூச்சியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. டார்வின் 1882இல் காலமானார். அதற்கு 21 ஆண்டுகள் கழித்து, 1903இல், அந்த நீள நாக்குப் பூச்சி முறையாக விவரிக்கப்பட்டது. முன்கூட்டிச் சொல்லப்பட்டது என்ற பொருளில் அதற்கு 'பிரடிக்டா' என்று பெயரிட்டார்கள்.

பூ ஏன் வெள்ளை, ஏன் இரவில் மட்டும் மணக்கிறது என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் வீட்டு மல்லிகையும் பவழமல்லியும் இருட்டிய பிறகு மணப்பதைப் போலத்தான். இருட்டில் வரும் விருந்தாளிக்கு வண்ணம் எதற்கு? அந்தப் பூச்சி குழலில் நாக்கை விடும்போது மகரந்தப் பொதி அதன் மீது ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவுக்கு அதுவே சுமந்து செல்கிறது. பூச்சி இல்லாவிட்டால் இந்தப் பூவுக்கு விதை இல்லை.

மடகாஸ்கரின் இன்னொரு ஆர்க்கிட் உங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்துபோவது. வனிலா! ஐஸ்கிரீமில் உள்ள வனிலா ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். இயற்கை வனிலாவில் உலகிலேயே அதிகம் விளைவது மடகாஸ்கரில். ஆனால் கொடியின் தாய்நாடு மெக்சிகோ. வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். நன்றாகப் படர்ந்தது, பூத்தது. காய்க்கவில்லை. மெக்சிகோவில் மகரந்தம் சேர்த்த பூச்சியை யாரும் கொண்டு வரவில்லையே! 1841இல் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரீயூனியன் தீவில், எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியையும் தன் கட்டைவிரலையும் வைத்துப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றுவரை உலகம் முழுவதும் தோட்டங்களில் அதே முறைதான். பூ ஒரு காலைப்பொழுது மட்டுமே மலர்ந்திருக்கும். அதற்குள் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட வேண்டும். 1848இல் அடிமை முறை ஒழிந்தபோதுதான் அவருக்கு ஆல்பியஸ் என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. அவருடைய கண்டுபிடிப்பால் பெரும் பணம் சம்பாதித்தவர்கள் பலர். அவர் 1880இல் வறுமையில் இறந்தார்.

இந்த இரண்டு கதைகளும் நம் முன்னால் உள்ள விலைப்பட்டியலைப் பற்றியவைதான். மூன்றாவதாக ஒரு செய்தி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட் விதை தூசியைப் போலச் சிறியது. நெல், பயறு போல அதனுள் உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை உள்ளே புகுந்து உணவு கொடுத்தால்தான் அது முளைக்கும். ஆக ஓர் ஆர்க்கிட்டின் சந்ததி வளர அதற்கென்று ஒரு பூச்சி, ஒரு பூஞ்சை, ஏற்ற ஈரமும் நிழலும் உள்ள மரம் எல்லாம் ஒரே இடத்தில் அமைய வேண்டும். மலையிலிருந்து பெயர்த்து வருபவர் செடியை மட்டும் கொண்டு வருகிறார். மற்றவை மலையிலேயே நின்றுவிடுகின்றன. பெயர்க்கும்போது மரத்தைப் பற்றிய வேர்கள் அறுபடும். பனி மூட்டத்தில் இருந்த செடி நம் சித்திரை வெயிலைத் தாங்குவது அரிது. தாங்கிப் பிழைத்தாலும் இங்கே அது தனி மரம்தான். அங்கே காட்டிலும் ஒரு தாய்ச்செடி குறைந்துவிட்டது.

இதெல்லாம் மடகாஸ்கர் கவலை என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் சுமார் 1,250 வகை ஆர்க்கிட்கள் உண்டு. அகத்தியர் மலைப் பகுதியில் மட்டும் வளரும் ஒரு வகை இருக்கிறது. பாபியோபெடிலம் துரூரி என்று பெயர். மஞ்சள் நிறம், பாதணியின் முனை போன்ற ஓர் இதழ். தென்னிந்தியாவில் இயற்கையாக உள்ள ஒரே பாதணி ஆர்க்கிட் அது. அழகுக்காகச் சேகரிப்பவர்கள் அள்ளிக்கொண்டு போனதால் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. பாதணி ஆர்க்கிட்களுக்கும் நீல வாண்டா, சிவப்பு வாண்டாவுக்கும் நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. மற்ற வகைகளும் தாராளமாக எடுக்கக் கூடியவை அல்ல. காப்புக் காட்டிலிருந்து அனுமதி இல்லாமல் எந்தச் செடியை எடுத்தாலும் குற்றம். பாதி விலையில் வாங்கினால் அந்தப் பொறுப்பில் நம் சங்கத்துக்கும் பங்கு வந்துவிடும்.

அப்படியானால் கியூவில் அத்தனை ஆயிரம் செடிகள் எப்படி? விழாவில் கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் வளர்ப்புப் பண்ணைகளில் உருவான கலப்பினங்கள். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர், பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். பின்னால் திசு வளர்ப்பு வந்தது. ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் உருவாக்க முடிந்தது. ஒரு காலத்தில் பிரபுக்கள் வீட்டில் மட்டும் இருந்த பூ இன்று நம் ஊர் நர்சரியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கக் காரணம் இதுதான். காட்டைத் தொடாமல் ஆர்க்கிட் வளர்க்க வழி இருக்கும்போது நாம் ஏன் காட்டைத் தொட வேண்டும்?

எனவே தோட்டக் குழுவின் பரிந்துரை இது.

நர்சரியிலிருந்து மட்டும் வாங்குவோம். எங்கே உற்பத்தியானது என்று பில்லிலேயே எழுதி வாங்குவோம். சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

முதலில் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் பத்துச் செடி போதும். நம் ஊர் வெக்கையையும் ஈரக் காற்றையும் தாங்குவதில் அவையே கெட்டி. இரண்டு கோடை தாண்டினால் மேலும் வாங்கலாம்.

மண்ணில் நட வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல் போதும். மரத்தில் வைப்பதென்றால் பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டுவோம். வேர் பற்றிக்கொண்டதும் கயிற்றை எடுத்துவிடலாம். ஆணி அடிக்கக் கூடாது.

காலையில் மட்டும் தண்ணீர். மழைநீர் மிக நல்லது. உப்பு ஏறிய போர்வெல் தண்ணீர் வேரைக் கெடுக்கும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்காமல் ஊற்றலாமே என்று நல்லெண்ணத்தில் யாரும் ஊற்றிவிடாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்.

ஒவ்வொரு செடியின் அருகிலும் ஒரு சிறு பலகை வைப்போம். பெயர், அதன் மூதாதை எந்த நாட்டுக் காட்டில் இருந்தது, அங்கே அதைத் தேடி வருவது எந்தப் பூச்சி. இதை எழுதும் பொறுப்பை நம் வளாகத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்பது என் விருப்பம். கியூ தோட்டம் ஒரு நாட்டை முழுவதும் காட்டியது. நாம் பத்துப் பலகையில் தொடங்கலாம்.

மலைச் செடி வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பண்ணை இருக்கிறது. கோடையில் ஒரு வேன் பிடித்து எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

நர்சரி விலைப்பட்டியலை ஏற்கலாம் என்பவர்கள் இப்போது கை தூக்குங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் பேசுங்கள், கேட்கிறேன்.