மீன் வந்து சேராத காலை



விழாக்களையும் விருந்துகளையும் பொறுப்பேற்று நடத்துபவரை இன்று நிகழ்ச்சி முகாமையாளர் என்கின்றனர். பெயர் புதிது, தொழில் பழையது. எல்லாம் செவ்வனே நடந்தால் அவரை எவரும் நினைப்பதில்லை. பந்தியில் ஒரு கறி குறைந்தால் மாத்திரம் அவர் எங்கே என்று தேடுவர். அத்தொழிலின் பாரத்தைப் பிரான்சு தேசத்து வத்தேலின் வரலாற்றிற் காணலாம்.

வத்தேலைச் சமையற்காரர் எனப் பலரும் எழுதிவிட்டனர், அது பிழை. பண்டங் கொள்வதும், பந்தி வகுப்பதும், பணியாட்களை நடத்துவதுமே அவர் கடமை. 1661ஆம் ஆண்டு நிதியமைச்சர் பூக்கே அரசனுக்களித்த பெருவிருந்தை அவரே நடத்தினார். மூன்று வாரத்துள் பூக்கே சிறைப்பட்டார். விருந்தின் ஆடம்பரமே காரணமென்பர். ஆயின் அம்முடிவு முன்னரே எடுக்கப்பட்டதாகும். பின்னர் வத்தேல் கொண்டே இளவரசரிடம் பணிபுரிந்தார்.

1671 ஏப்பிரில் 23ஆந் திகதி, வியாழக்கிழமை. பதினான்காம் லூயி மன்னன் பரிவாரத்துடன் ஷாந்தியி மாளிகைக்கு எழுந்தருளினான். எதிர்பாராத விருந்தினர் பலர் வந்தமையால் இரண்டு மேசைகளிற் பொரித்த இறைச்சி இல்லாது போயிற்று. பதினாறாயிரம் பிராங்கு செலவிட்ட வாணவேடிக்கையை மூடுபனி மறைத்தது. வத்தேலோ பன்னிரண்டு இரவுகள் உறங்காதவர். இளவரசரே நேரிற் சென்று, மன்னரின் உணவு குறைவற அமைந்தது என்று தேற்றினார். அவர் மனம் ஆறவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர் புலாலை விலக்கி மீன் உண்ணும் நாள். கடற்கரையோ தொலைவு, தந்தியும் பனிக்கட்டிப் பெட்டியும் இல்லாத காலம். ஆதலின் துறைமுகங்கள் பலவற்றுக்கும் அவர் முன்னரே ஆளனுப்பியிருந்தார். அதிகாலை நான்கு மணிக்கு ஒருவன் இரண்டே சுமை மீனுடன் வந்தான். இவ்வளவுதானா என வத்தேல் வினவ, அவன் ஆமென்றான். அவன் கூறியது தன் சுமையைப் பற்றி மாத்திரமே. ஏனைய துறைமுகங்களின் செய்தியை அவன் அறியான். வத்தேல் காத்திருந்தார். வேறெவரும் வரவில்லை. இந்த அவமானத்தின்பின் உயிர்வாழேன் என்று கூர்வில் என்னும் அதிகாரியிடஞ் சொன்னார், கூர்வில் நகைத்தார். அந்த நகைப்பு ஒரு கேள்வியாக மாறியிருப்பின் அவர் பிழைத்திருக்கவுங்கூடும். தம் அறைக்குச் சென்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சற்றுநேரத்தில் எல்லாத் திசைகளிலுமிருந்து மீன் வந்திறங்கிற்று. அதனைப் பங்கிட அவரைத் தேடியபொழுதே செய்தி தெரிந்தது. தன் வருகை தரும் தொல்லையை எண்ணியே ஐந்தாண்டுகள் பயணத்தைத் தள்ளி வைத்ததாக மன்னன் கூறினான். இரண்டு மேசைகளே போதும் என்றும் இளவரசருக்குச் சொன்னான். இவற்றையெல்லாம் கேட்டறிந்து, பாரிசிலிருந்து தம் மகளுக்குக் கடிதத்தில் எழுதியவர் செவிஞே சீமாட்டி. அன்றைய விருந்தையும் கூர்வில் குறைவின்றி நடத்தினார் என்கிறார் அவர். உண்டனர், உலாவினர், சூதாடினர், வேட்டைக்குச் சென்றனர்; எங்கும் மஞ்சள் மலர்களின் நறுமணம் கமழ்ந்ததாம்.