‘புஷ்’ போகவில்லை என்றால்...
(கணினிப் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஒரு தகப்பனார் எனக்குப் போன் செய்தார். "என் மகள் மூன்று நாள் உட்கார்ந்து செய்த வேலையை உங்கள் வகுப்புப் பையன் அழித்துவிட்டான். இனி அவளை அனுப்பமாட்டேன்" என்றார். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் எதையும் அழிக்கலை மாமா. புஷ் போகலை, ஃபோர்ஸ் போட்டேன், அவ்வளவுதான்" என்றான். இருவருமே பொய் சொல்லவில்லை.

நம் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து கல்வி உதவி விண்ணப்பத்துக்கு ஒரு வலைப்பக்கம் தயாரிக்கிறார்கள். அதன் கோப்புகள் எல்லாம் கிட்ஹப்பில் ஒரே ரிபாசிட்டரியில் இருக்கின்றன. அவரவர் வேலையை அதற்கு அனுப்புவதுதான் புஷ். இதற்கான ‘கிட்’ என்ற மென்பொருளை லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதினார்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நம் டிரஸ்டின் கணக்குப் பேரேட்டை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். அதற்குள் பொருளாளர் அசலில் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். உங்கள் நகலைக் கொண்டுவந்து அசலின் இடத்தில் வைத்தால் அந்த இரண்டு பக்கம் என்னாகும்? அதனால்தான் கிட் ‘ரிஜெக்டட்’ என்று மறுக்கிறது. பக்கத்திலேயே ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’ என்று காரணமும் போடுகிறது. அங்கே புதிதாக வந்திருப்பதை முதலில் எடுத்துக்கொள் என்று அர்த்தம். ‘கிட் புல்’ கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் எது இருக்கட்டும் என்று பேசி முடிவு செய்து, கமிட் செய்து, பிறகு புஷ் செய்ய வேண்டும். ஃபோர்ஸ் போட்டாலோ நகல் அசலாகிவிடும். நடந்தது அதுதான்.

நல்லவேளையாக அந்த மகள் தன் லேப்டாப்பில் எதையும் தொடவில்லை. கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்’ என்று தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். அவளுடைய கணினியில் புல் கொடுத்து, இரண்டையும் சேர்த்து, மறுபடி புஷ் செய்தோம். ஒரு வரிகூடக் குறையவில்லை. அந்தப் பையன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்துக் கொடுத்தான். இப்போது முதன்மைக் கிளையில் யாரும் ஃபோர்ஸ் போட முடியாதபடி அமைப்பைப் பூட்டியிருக்கிறோம். முதல் நாளே பூட்டியிருக்க வேண்டும்; அது எங்கள் தவறு.

இன்னொரு தகராறு நம் வகுப்புக் கணினிகளில் அடிக்கடி வருகிறது. ‘பெர்மிஷன் டினைடு’ என்று, 403 என்ற எண்ணோடு வரும். அந்த வரியை முழுதாகப் படியுங்கள். அதில் இருப்பது உங்கள் பெயரா, காலை வகுப்பில் உட்கார்ந்தவர் பெயரா? ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துவதால் முந்தையவரின் கணக்கு விண்டோஸில் பதிந்து நிற்கிறது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து கிட்ஹப் பதிவை நீக்கிவிட்டால் அடுத்த முறை புதிதாகக் கேட்கும். அங்கே கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டுப் பயனில்லை; 2021 ஆகஸ்ட் முதல் கிட்ஹப் அதை ஏற்பதில்லை. டோக்கன் வேண்டும், அல்லது எஸ்எஸ்எச் சாவி. டோக்கனை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள் பிள்ளைகளே, போன வாரம் ஒருவர் போட்டார்.

100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பும் போகாது. விழா வீடியோவைத் தெரியாமல் சேர்த்துவிட்டு, பிறகு அதை மட்டும் நீக்கினால் போதாது. பழைய கமிட்டில் அது இருக்கும்வரை மறுக்கும். அந்தக் கமிட்டையே திரும்பப் போட வேண்டும்.

அடுத்த வகுப்பு ஞாயிறு அஸருக்குப் பிறகு. போன் செய்த தகப்பனாரும் இங்கே வந்திருக்கிறார். மகள் முன்வரிசையில் இருக்கிறாள்.